மருத்துவப் பணிக்குத் திரும்புவோருக்கு உதகையிலேயே ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவர் பற்றாக்குறை இருப்பதைப் பற்றிய செய்திகளும் வாசகர் கடிதங்களும் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. காலிப் பணியிடங்களை உடனே நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கையோடு அவை முடிகின்றன. அக்கோரிக்கையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்து, சிலர் பட்டமேற்படிப்பும் முடித்து, மருத்துவக் கவுன்சில் பதிவையும் வைத்துக்கொண்டு, ஐந்தாண்டு, எட்டாண்டு, பத்தாண்டுகளாக ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் இருக்கும் மருத்துவர்கள் இதே மலையில், நம் தெருக்களிலேயே வசிக்கிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரசுப் பணியில் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அப்படிப்பட்ட பலரைத் தெரியும். திரும்பி வர வேண்டும் என்ற விருப்பம் அவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. வருவதற்கு வழிதான் இல்லை. அந்த வழியை உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே, பெரிய செலவின்றி, அமைத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

பணியில் இடைவெளி என்றதும் குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண் மருத்துவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். நான் அறிந்தவர்களிலும் அவர்களே அதிகம். ஆனால் படுத்த படுக்கையான மாமியாரைக் கவனித்துக்கொள்ள நின்றவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் தேறியவர், மன அழுத்தம் தாங்காமல் விலகியவர், வெளிநாட்டில் பிள்ளைகளோடு சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரிவினரும் உண்டு. வெலிங்டனில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் குடும்பத்தோடு வரும் அதிகாரிகளின் மனைவியரில் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஓராண்டுக்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவோம் என்று தெரிந்த நிலையில் அவர்கள் எந்த மருத்துவமனையிலும் சேர முயல்வதில்லை. இப்படியே ஊர் ஊராக மாறி ஏழெட்டு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதை இடைவெளி என்று யாரும் கருதுவதே இல்லை. நீட் முதுநிலைத் தேர்வுக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் பயிற்சி மையத்திலும் விடுதி அறையிலும் வினாத்தாள்களோடு இருந்துவிட்டு, இடம் கிடைக்காமல் வீடு திரும்பும் இளைஞர்கள் அவர்கள். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது எம்.பி.பி.எஸ். முடிவில் மருத்துவமனைப் பயிற்சியில், இருந்தபோது கற்ற கைப்பழக்கத்தை அவர்களும் பெருமளவு இழந்துதான் வருகிறார்கள்.

இவர்கள் சட்டப்படி மருத்துவர்களே. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொண்டிருக்க வேண்டும். அந்த 30 மணி நேரத்தையும் கூட்ட அரங்குகளில் உட்கார்ந்தே நிறைவு செய்துவிட முடியும். நோயாளியின் அருகில் நிற்கத் தேவையில்லை. ஆகவே, பதிவு நடப்பில் இருக்கும் ஒருவர் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு நாளைக் காலையிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினால், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனச்சாட்சி உள்ள மருத்துவர் இதை நினைத்து அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அஞ்சாதவர் கிளினிக் திறந்துவிடுகிறார். இந்த இரண்டுமே நோயாளிக்கு நல்லதல்ல.

இடைவெளியில் மாறிப்போகும் விஷயங்கள் என்ன என்பதைப் பொதுமக்களும் அறிந்துகொள்வது நல்லது. 2014-இல் பணியை விட்ட ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்வோம். அப்போது காசநோய் மருந்துகள் அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் கொடுக்கப்பட்டன. 2017-இல் நாடு முழுவதும் தினசரி மருந்து முறை வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டால், குழந்தை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் 2017-இல்தான். 2020-இல் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் வந்தன. 2021-இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்றும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம் என்றும் ஆயிற்று. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் தமிழ்நாடு சேர்த்தது. இவை அனைத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவம் படித்தவருக்குப் படிப்பது புதிதல்ல, ஒரு மாதம் முனைந்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

படித்து மீட்க முடியாதவை கையும் நிதானமும்தான். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியை (படுகர் ஊரை) சேர்ந்த மருத்துவர் ஒருவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு, நான் வாரத்தில் சில நாள் அமரும் ஒரு சிறு மருத்துவமனையில் என்னோடு ஓ.பி. பார்க்க வந்தார். மாணவப் பருவத்தில் பதக்கம் வாங்கியவர். காய்ச்சலோடு வந்த ஒரு பத்துக் கிலோ குழந்தையைப் பரிசோதித்து, நோய் இன்னதென்று சரியாகவே சொன்னார். பாரசிட்டமால் சிரப் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. இந்தக் கணக்கை அவர் மேசை விரிப்பின் ஓரத்தில் விரலால் மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு மருந்தாளுநரைக் கூப்பிட்டு, எந்த அளவு சிரப் இருப்பில் இருக்கிறது என்று பாட்டிலைக் கொண்டுவரச் செய்து, லேபிளைப் படித்துவிட்டுத்தான் எழுதினார். குழந்தையின் தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் செய்தது அனைத்தும் சரி. பாட்டிலை வரவழைத்துப் பார்த்தது மிக மிகச் சரி. ஆனால் அந்த ஒரு குழந்தைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, வெளியே வரிசை நின்றது. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார், நான் தலையசைத்தேன். சில வாரங்கள் கழித்து, தாயிடம் பேசிக்கொண்டே அதே மருந்தை அவர் எழுதியபோது, பக்கத்தில் நான் இருக்கிறேனா என்றுகூட அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்ததைத் தவிர அவருக்கு வேறு பயிற்சி எதுவும் தரப்படவில்லை.

சிரப் எழுதும்போது நேரம் எடுத்துக்கொள்ளலாம். பிரசவ அறையில் அது முடியாது. உதிரப்போக்கு தொடங்கிவிட்டால், கருப்பையை ஒரு கை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க, இன்னொரு கை உள்ளிருந்து தாங்க, செவிலியரிடம் எந்த மருந்தை முதலில் கேட்பது என்பது நாவிலேயே நிற்க வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தெரிந்தவர் அனைவரும் செய்யத் தெரிந்தவர் அல்லர். பழக்கம் விட்டுப்போவது எப்படி என்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. திறன் தேய்வது ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் நிகழ்கிறது, அதிலும் தொடக்கத்தில்தான் சரிவு வேகமாக இருக்கிறது என்பது அதன் முக்கியமான முடிவு. நான் பார்த்த வரையிலும் அதுவே உண்மை. விட்டுப்போனது சீக்கிரம் திரும்பியும் வருகிறது என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மலைப் பகுதிக்கென்று தனியாக ஒரு நிதானம் வேண்டும். கோவையில் பணிபுரியும் மருத்துவர், நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று அரை மணி நேரம் யோசிக்கலாம். கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவர், மலைப்பாதையில் மூடுபனி எந்த நேரத்தில் இறங்கும், மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும், 108 வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும், கோவைக்குப் போய்ச் சேரும்வரை இந்தத் தாய் தாங்குவாரா என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, கீழே அனுப்புவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பந்தலூர்ப் பகுதியிலிருந்து உதகைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள மக்கள் அவசரத்துக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போவதே வழக்கம். இந்தத் தீர்மானத்தைப் பாடப்புத்தகம் கற்றுத் தராது. இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்தச் சாலைகளைத் தெரிந்து, படுகர் மொழியோ கூடலூர்ப் பக்கத்துப் பேச்சோ தெரிந்த ஒரு மருத்துவர், சமவெளியிலிருந்து முதல்முறையாக மலைக்கு வரும் ஒருவரைவிட இதில் பல படி முன்னால் நிற்கிறார். அப்படிப்பட்டவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, யாரும் வர மறுக்கும் பணியிடத்துக்கு மீண்டும் மீண்டும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பிரிட்டனில் மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பணியில் இல்லாத எந்த மருத்துவரும், போவதற்கு முன்பும் திரும்பும்போதும் ஒரு மூத்தவரோடு அமர்ந்து, தமக்கு என்ன உதவி தேவை என்று பேசித் திட்டமிட வேண்டும். இளம் மருத்துவர்களுக்கென்று 2017-இல் அங்கு தொடங்கப்பட்ட திட்டத்தில், திரும்பியவுடன் சில வாரங்கள் மேற்பார்வையோடு பணிபுரியும் வசதி இருக்கிறது. மயக்க மருந்து மருத்துவர்களுக்கு, திரும்பி வருவோருக்கென்றே மாதிரி உடல்களை வைத்துப் பயிற்சி தரும் வகுப்புகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியா ஒழுங்குமுறை வழியில் போயிருக்கிறது. மூன்றாண்டுக்கு மேல் பணியில் இல்லாதவர் எப்படித் திரும்பப் போகிறார், யார் மேற்பார்வை செய்வார் என்ற திட்டத்தை அந்நாட்டு மருத்துவ வாரியத்திடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். இவற்றில் எனக்குப் பிடித்தது முதலாவது. ஆஸ்திரேலிய முறையில் கண்டிப்பு இருக்கிறது. ஆனால் மேற்பார்வையாளரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு திரும்பி வருபவர் தலையிலேயே விழுகிறது. நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவந்தால், சிபாரிசு உள்ளவர் மட்டுமே உள்ளே வருவார்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. குடும்பக் காரணங்களால் ஆராய்ச்சியை விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கென்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதலே உதவித்தொகை தந்து வருகிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதேபோல ஓர் உதவித்தொகை உண்டு. அதாவது, இடைவெளிக்குப் பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு அரசு கை கொடுக்கிறது. வார்டுக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது. மகப்பேறு மருத்துவர் என்ற முறையில் நான் மனதார வரவேற்ற முடிவு அது. அந்த 12 மாதம் முடிந்து பணிக்குத் திரும்பும் பெண் மருத்துவர், திரும்பிய முதல் வாரத்திலேயே இரவுப் பணியில் தனியாக நிறுத்தப்படுகிறார் என்பதை யாராவது யோசித்தோமா? நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் அப்படித்தான் நடந்தது. அன்றிரவு பிரசவ அறையில் இருந்த மூத்த செவிலியரின் அனுபவம்தான் அவருக்குத் துணை நின்றது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆண்டுக்கு 150 மாணவர்களோடு நடக்கிறது. அதற்கான 700 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனையை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் திறந்து வைத்தார். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் பொம்மை உடல்களில் பழகுவதற்கான திறன் ஆய்வகம் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதி. ஆசிரியர்கள், நோயாளிகள், ஆய்வகம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருக்கின்றன. இடைவெளி இரண்டாண்டு வரை உள்ளவருக்கு ஒரு மாதம், ஐந்தாண்டு வரை மூன்று மாதம், அதற்கு மேல் ஆறு மாதம் என்று வைத்து, அங்கே மேற்பார்வையோடு கூடிய பணி தரலாம். முதல் இரண்டு வாரம் திறன் ஆய்வகமும், மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து ஓ.பி. பார்ப்பதும் போதும். பிறகு வார்டு ரவுண்டு, அவசரப் பிரிவு, பிரசவ அறை. இரவுப் பணி கடைசியில்தான், அதுவும் முதலில் இன்னொருவரோடு சேர்ந்து. செய்த ஒவ்வொரு செயல்முறையையும் ஒரு பதிவேட்டில் எழுதி, பார்த்த மூத்தவர் கையொப்பமிட வேண்டும். கடைசி மாதத்தைக் குன்னூர் லாலி மருத்துவமனையிலோ, கோத்தகிரியிலோ, கூடலூரிலோ கழிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஏனென்றால் எல்லா வசதியும் உள்ள இடத்தில் மட்டும் பழகியவர், இல்லாத இடத்தில் தடுமாறுவார். இறுதியில் எழுத்துத் தேர்வு வேண்டாம். துறைத் தலைவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் கடிதமே போதும். இன்னும் சில வாரங்கள் தேவை என்றால் அதையும் வெட்கமின்றிக் கேட்கும் சூழல் இருக்க வேண்டும்.

இதில் ஊதியம் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். இவர்களுக்குக் கணவர் சம்பாதிக்கிறாரே, இலவசமாகக் கற்றுக்கொள்ளட்டுமே என்ற பேச்சை நான் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், நோயிலிருந்து மீண்டு கடனில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் திரும்பி வரும் தேவை மிக அதிகம். ஊதியம் இல்லையென்றால் முதலில் விலகுவதும் அவர்கள்தான். அவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள், கேஸ் ஷீட் எழுதுகிறார்கள், வார்டில் ஒரு கை கூடுகிறது. ஆகவே குறைந்தபட்சம் ஹவுஸ் சர்ஜனுக்குத் தரும் உதவித்தொகையாவது தரவேண்டும். குழந்தைகளை விட்டுச் செல்ல மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் இடம் வேண்டும். மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 1995-இல் கொண்டுவந்ததிலிருந்து, பணியில் இருக்கும் மருத்துவர்கள் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்து வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இடைவெளியில் இருப்பவரின் காப்பீடு பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். பயிற்சிக் காலத்துக்கான காப்பீட்டை மருத்துவமனையே ஏற்க வேண்டும். இது சிறு செலவு. ஆனால் வருகிறவரின் அச்சத்தில் பாதியைப் போக்கிவிடும்.

ஏழை நோயாளிகளை வைத்துப் பழகச் சொல்கிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இன்று அதுதான் மேற்பார்வையே இல்லாமல் நடக்கிறது என்பதே என் பதில். ஹவுஸ் சர்ஜன்கள் அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தே கற்கிறார்கள். அவர்களுக்கு மேலே மூத்தவர்கள் இருப்பதால் நாம் அதை ஏற்கிறோம். பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் அதே மேற்பார்வையில் வருவதில் நோயாளிக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. திட்டத்தைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கவும் வேண்டாம். கட்டாயம் என்று அறிவித்தால் கௌரவம் பார்த்துப் பலர் ஒதுங்கிவிடுவார்கள். முதல் சில ஆண்டுகள் விருப்பத்தின் பேரில் நடக்கட்டும். நல்ல பெயர் கிடைத்தால், தனியார் மருத்துவமனைகளே அந்தக் கடிதத்தைக் கேட்கத் தொடங்கிவிடும்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் இரத்தச் சிவப்பணுக் குறைபாடான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டது நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம்தான். அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தை 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கியது. இரத்தப் பரிசோதனையை முகாம் நடத்தி முடித்துவிடலாம். நோய் உள்ள குழந்தையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ஹைட்ராக்சியூரியா மாத்திரையின் அளவைச் சரிசெய்து, திடீர் வலி வந்தால் எங்கே வர வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு நம்பிக்கையோடு சொல்ல, ஊரைவிட்டுப் போகாத மருத்துவர் வேண்டும். இளம் மருத்துவர்கள் மேற்படிப்புக்காக இரண்டொரு ஆண்டில் போய்விடுவது இயல்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வயதில் திரும்பி வரும் ஒருவருக்கு இங்கே வீடு இருக்கிறது, பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், அடுத்த இருபது ஆண்டுகளும் இங்கேதான்.

உதகைக் கல்லூரியின் முதல் அணி 2022 தொடக்கத்தில் வகுப்புக்கு வந்தது. நாலரை ஆண்டுப் படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜன்களாக ஓர் அணி வார்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும், மருந்துச் சீட்டு எழுதுவது முதல் ஊசிக் கழிவை எந்த நிறப் பையில் போடுவது என்பது வரை அவர்களுக்கு அறிமுக வகுப்பு நடத்தப்பட வேண்டும். அந்த வகுப்பில் பத்து நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டு, பணிக்குத் திரும்ப விரும்பும் மருத்துவர்களையும் அழைக்கலாம். அதற்குப் புதிய அரசாணைகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கல்லூரி முதல்வரும் மாவட்ட ஆட்சியரும் இதற்கான அறிவிப்பைத் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வெளியிட்டால், விண்ணப்பத்தோடு வரக்கூடிய சிலரை நானே அழைத்து வருகிறேன். மேற்பார்வைக்கு மூத்தவர்கள் போதவில்லை என்றால், இந்த மாவட்டத்தில் ஓய்வுபெற்று வாழும் என் போன்ற அரசு மருத்துவர்கள் வாரத்தில் இரண்டு நாள் ஊதியமின்றி வந்து நிற்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.